நான் துடைத்த கேள்விக்குறி

கொண்டாப்பூரில் எங்கள் அபார்ட்மெண்ட் லிஃப்டில் ஆறு பேர் ஏறினால் ஐந்து பேர் சாஃப்ட்வேரில் இருப்பார்கள். ஆறாவது ஆளும் இருந்தவர்தான், இப்போது சொந்தமாக ஸ்டார்ட்-அப் நடத்துகிறார். நான் அந்த ஐவரில் ஒருவன். கம்பெனிகளுக்கு அவரவர் அளவெடுத்து வெப் அப்ளிகேஷன் செய்து தருவது எங்கள் தொழில். தன் தொழிற்சாலையில் என்ன நடக்கிறது என்பதை ஒரு முதலாளி அங்கே எட்டிக்கூடப் பார்க்காமல், ஏசி அறையில் உட்கார்ந்தபடி, பச்சையாகவும் சிவப்பாகவும் தெரிந்துகொள்ள வழி செய்வோம். நேரில் போய்ப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்று கேட்கக்கூடியவர்களை நாங்கள் மீட்டிங்குக்கு அழைப்பதில்லை.

அப்படி வந்து சேர்ந்ததுதான் சனத்நகர் வேலை. தகட்டை வெட்டி மின்விசிறிக்குப் பாகம் செய்கிற பழைய தொழிற்சாலை. உள்ளே வரிசையாக ஐந்து பிரஸ்கள். பிரஸ் என்றால் கல்யாணப் பத்திரிகை அடிப்பது என்று நினைத்துப் போனவன் நான். இது மேலிருந்து இறங்கி ஒரே குத்தில் இரும்பை வெட்டுகிற யந்திரம். அடியில் தகட்டை வைத்து எடுப்பது மனிதனுடைய கை. எந்த பிரஸ் எப்போது நிற்கிறது, ஏன் நிற்கிறது என்பது முதலாளிக்குத் திரையில் தெரிய வேண்டும். அவர் அறைக்கும் பிரஸ்ஸுக்கும் நடுவே ஒரு கதவும் நாற்பது அடி நடையும் இருந்தன. அந்த நாற்பதடியை ஒழிக்கத்தான் எங்களைக் கூப்பிட்டிருந்தார்.

முதலாளியோடு மூன்று மீட்டிங் நடந்தது. யந்திரம் நிற்பதற்கான காரணங்களைப் பட்டியல் போட்டோம். கரண்ட், பெல்ட், அச்சு, ஆபரேட்டர் தவறு. கடைசியாக 'தெரியவில்லை' என்று ஒன்று வைத்திருந்தேன். அவர் முகம் சுருங்கியது. "தெரியாது என்று பார்க்கவா இவ்வளவு பெரிய திரை மாட்டியிருக்கிறேன்?" என்று இந்தியில் கேட்டார். நியாயமாகத்தான் பட்டது. உடனே அழித்தேன். வாடிக்கையாளர் சொன்னதும் அழிப்பதில் எங்கள் கம்பெனியில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

பழைய கணக்கு ஒரு நோட்டில் இருந்தது. பிரஸ் நின்ற நேரத்தையெல்லாம் எழுதி வைத்திருந்தவர் ஷிஃப்ட் சூப்பர்வைசர், ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி. தாத்தா காலத்தில் வட ஆற்காட்டிலிருந்து ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்கு வந்த குடும்பம். பேச்சில் தமிழும் தெலுங்கும், தக்கினி என்கிற ஹைதராபாத் உருதுவும் ஒரே தட்டில் பரிமாறப்படும். ஆனால் நோட்டு முழுக்கத் தமிழ் எழுத்து. எங்கள் ஆவணங்களில் அந்த அம்மாளின் பெயர் 'பழைய தரவு மூலம்'. கம்பெனியில் தமிழன் நான் ஒருவன் என்பதால் மூலத்தைச் சந்திக்க என்னை அனுப்பினார்கள்.

"ஏன் மேடம் தமிழ்ல எழுதுதீங்க?" என்று கேட்டேன்.

"தெலுங்குல எழுதினா அவனவன் படிச்சிட்டு, என் மிஷின் அவ்ளோ நேரம் நிக்கலேன்னு அடிச்சித் திருத்துவான் சார். இதுல எவனும் கை வைக்க மாட்டான்" என்றார். ஹைதராபாத்தில் அதைவிட நல்ல பாஸ்வேர்டை எந்த நிபுணரும் தர முடியாது.

நோட்டுகளைத் துணிப்பையில் போட்டுக் கொடுக்கும்போது, "புரியாதது எதுனா இருந்தா கேளுங்க சார்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. திருநெல்வேலிக்காரனுக்குத் தமிழ் புரியாதாமே. அதற்குப் பிறகு அவரை ஒரு தடவைகூட நான் கேட்கவில்லை.

எட்டு மாதத்து நோட்டுகளை வீட்டில் உட்கார்ந்து நானே டைப் செய்தேன். காரணம் என்ற இடத்தில் ஒற்றைச் சொல்தான் இருக்கும். பெல்ட். கரண்ட். டை, அதாவது அச்சு. மூன்றாம் நம்பர் பிரஸ்ஸுக்கு மட்டும் பக்கத்துக்குப் பக்கம் ஒரே சொல் வந்தது: 'கைக்கு?' கைக்கு என்றால் கைக்குத்தானே. யந்திரத்தில் கோளாறு இல்லை, ஆள் கையில்தான் கோளாறு என்று அந்த அம்மாள் நாசூக்காக எழுதியிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். தயங்காமல் 'ஆபரேட்டர் தவறு' என்ற பெட்டிக்குள் தள்ளினேன். கூடவே ஒரு கேள்விக்குறி இருந்ததே என்று கேட்பீர்கள். தரவுகளைச் சுத்தம் செய்ய நான் ஒரு சின்ன புரோகிராம் எழுதியிருந்தேன். எழுத்தும் எண்ணும் தவிர மற்ற குப்பையையெல்லாம் அது துடைத்துவிடும். கேள்விக்குறிகள் அந்தக் குப்பையில் போயின. அரை வினாடி ஆகியிருக்கும்.

திரை திறப்புவிழா கேக் வெட்டி நடந்தது. இனி எந்த பிரஸ் நின்றாலும் சூப்பர்வைசர் நோட்டுக்குப் பதில் எங்கள் ஆப்பில் எழுத வேண்டும். நான்கு பிரஸ்கள் பச்சை, மூன்றாவது ரத்தச் சிவப்பு. அடியில் 'ஆபரேட்டர் தவறு' என்று ஆங்கிலத்தில் கொட்டை எழுத்து. முதலாளி பரவசமானார். மல்லாபூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து பதினோரு வருடமாக அந்த பிரஸ்ஸில் நிற்கிற ஆபரேட்டர் இத்தனை நாளாகத் தன்னை ஏமாற்றியிருக்கிறார் என்று ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டார். மறுநாளே அவரைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். மாதக் கடைசியோடு வேலையிலிருந்தே அனுப்பிவிடுவது என்றும் முடிவானது. அந்த இடத்தில் ஒரு புது ஆளை நிறுத்தி, யந்திரத்தை நிறுத்தினால் உன் பேரில்தான் சிவப்பு விழும் என்று சொல்லிவைத்தார்கள். அவன் நிறுத்துவானா? மூன்றாவது பிரஸ்ஸும் பச்சையானது. எனக்கு ஒரு பூங்கொத்து வந்தது. அதை வாங்கிக்கொண்டு சிரித்த முகத்துடன் போட்டோவும் எடுத்துக்கொண்டேன் என்பதை இங்கே சொல்லாமல் விட்டால் அது பொய் ஆகிவிடும்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டுக்கு இலை போட்டாயிற்று. மகளுக்கு ஒன்பது வயது. நாங்கள் தமிழில் கேட்டால் அவள் தனக்குத் தோன்றும் மொழியில் பதில் சொல்வாள்.

"போய் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வா" என்றேன்.

"கைக்கு?" என்றாள்.

"கைக்குத்தான். பின்ன, காலுக்கா?"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அய்யோ அப்பா! கைக்குன்னா வொய்! எங்க வேன் அங்கிள் டெய்லி கேப்பாங்க. கைக்கு லேட், கைக்கு லேட்னு!"

ரசத்தை ஊற்ற வந்த மனைவி, "ஏன் இப்படி முழிக்கீங்க?" என்றாள். நான் அந்த நோட்டின் பக்கங்களை நினைத்துக்கொண்டிருந்தேன். பெல்ட். கரண்ட். டை. ஏன்? ஏன்? ஏன்? எட்டு மாதமாக ஒரு பெண்மணி கேள்வி கேட்டிருக்கிறார். அதை நான் பதிலாக மாற்றி ஒரு மனிதனின் தலையில் கட்டியிருக்கிறேன். பயமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது, ஆனால் நேர்மையாகச் சொன்னால் பயம்தான் முதலில் வந்தது.

திங்கட்கிழமை காலையிலேயே சனத்நகர் போய்விட்டேன். சூப்பர்வைசர் அவருடைய மேஜையில் இல்லை. மூன்றாம் பிரஸ்ஸின் பக்கவாட்டில், சிவப்பு ஸ்விட்ச்மேல் கையை வைத்தபடி நின்றுகொண்டிருந்தார். புது ஆள் தகட்டை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தான். மேலேயிருந்து இறங்கும் இரும்பிலிருந்து அவர் கண்ணை எடுக்கவில்லை. நான் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன்.

"கைக்குன்னா கூடவா தெரியாது? ஹைதராபாத்ல எத்தினி வருசமா கீறீங்க?"

"ஆறு வருஷம்."

"ஆறு வருசமா ஒருத்தன்கூட உங்கள ஏன்னு கேக்கலியா சார்?"

கேட்கவில்லைதான். எங்கள் தொழிலில் அது வழக்கமில்லை.

அப்புறம் விளக்கினார். பெடலை மிதிக்காமலே சில சமயம் அந்த பிரஸ் இரண்டாவது தடவையும் தானாக இறங்கிவிடுமாம். பழைய ஆபரேட்டருக்கு அதன் சத்தம் தெரியும். சத்தம் மாறினால் உடனே நிறுத்திவிடுவார். மெயின்டனன்ஸ் ஆட்கள் வந்து பார்க்கும்போது யந்திரம் சமத்தாக ஓடும். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். ஏன் என்று வாயால் கேட்டுச் சலித்துத்தான் அந்த அம்மாள் நோட்டில் எழுதியிருக்கிறார்.

"பழைய ஆளு நிறுத்தினது அவன் கைக்குதான் சார். நீங்க போட்டது ஒருவகைல சரிதான்" என்றார். அவர் சிரிக்கவில்லை.

"நீங்க எத்தனை நாளா இங்க நிக்கீங்க?"

"புது ஆள் வந்த அன்னிலேர்ந்து. இவன் நிறுத்த மாட்டான், பயம். நான் நிறுத்துறேன். ரெண்டு நிமிசம் வுட்டுட்டு ஓட வுடுறேன். உங்க ஆப்புல எழுத நக்கோ, வேணாம்னு வுட்டுட்டேன். எழுதினா இவன் பேர்ல வுழும்." அதற்குள் சத்தம் ஏதோ மாறியது போல. எனக்குக் கேட்கவில்லை. அவர் கை ஸ்விட்சை அமுக்கியது. என் திரையில் அந்த நேரம் பச்சை எரிந்துகொண்டிருந்தது.

அங்கேயே ஒரு கவிழ்த்த டப்பாமேல் லேப்டாப்பை வைத்து, துடைக்கும் புரோகிராமை நிறுத்திவிட்டு, நோட்டு விவரம் முழுவதையும் மறுபடி ஏற்றினேன். 'தெரியவில்லை'யைப் போட எனக்கு அனுமதி கிடையாது. அந்த அம்மாளின் சொல்லையே ஆங்கில எழுத்தில், கேள்விக்குறியோடு, தனிக் காரணமாக வைத்தேன். பிறகு முதலாளியின் அறைக்குப் போனேன். திரையில், காரணங்களின் வரைபடத்தில், எல்லாவற்றையும்விட உயரமாக ஒரு தூண் எழும்பி நின்றது. ஹைதராபாத்தில் பிறந்து வளர்ந்தவருக்கு அர்த்தம் சொல்லவேண்டியிருக்கவில்லை.

"கைக்கு?" என்று வாய்விட்டுப் படித்தார். தன்னைத்தான் கேட்கிறார்கள் என்பது புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. தவறு ஆபரேட்டருடையது அல்ல, என்னுடையது என்று சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை, ஃபோனை எடுத்து மெயின்டனன்ஸில் அதே கேள்வியைக் கேட்டார். மதியத்துக்குள் பிரஸ்ஸைப் பிரித்துவிட்டார்கள். இரும்பை மேலேயே பிடித்து நிறுத்தவேண்டிய பிரேக்கின் உட்பட்டை தேய்ந்து வழவழவென்று இருந்தது. நோட்டில் எட்டு மாதம் எழுதியும் வராத பதில், திரையில் எழுதியதும் அரை நாளில் வந்தது.

"உங்க ஆப் இல்லேன்னா இது தெரிஞ்சே இருக்காது" என்று முதலாளி என் கையைக் குலுக்கினார். தரவு ஒரு தொழிலாளியின் கையைக் காப்பாற்றியது என்று எங்கள் கம்பெனி இப்போது வெற்றிக்கதை எழுதிவைத்து புது வாடிக்கையாளர்களிடம் காட்டுகிறது. அதில் நோட்டும் இல்லை, அந்த அம்மாளும் இல்லை. என்னைப் பற்றி ஒரு பாராட்டு வரி இருக்கிறது.

பழைய ஆபரேட்டரை மறுபடி பிரஸ்ஸுக்கே அனுப்ப உத்தரவானது. அதை யாரும் சொல்வதற்கு முன் நானே போய்ச் சொல்லவேண்டும் என்று பேக்கிங் பக்கம் போனேன். அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில், மன்னித்துவிடுங்கள் என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். மூன்று வாரத்துக்கு முன் தன்னை எதற்காக இங்கே தள்ளினார்கள் என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. எங்கள் திரையில் அவருக்கு லாகினும் கிடையாது.

"கைக்கு சார்?" என்றார்.

இந்தத் தடவை சொல் எனக்குப் புரிந்தது. டேப்பைப் பிடித்திருந்த அவருடைய வலது கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஐந்து விரலும் இருந்தன.