கஞ்சி போட்ட ஸ்வெட்டர்

ஆலங்குடியில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடமாடிய முதல் பைத்தியக்காரன் நான்தான் என்பாள் என் ஆத்தா. இரண்டாவது ஆள் யாரும் முன்வராததால் அந்தப் பட்டம் இன்னும் என்னிடமே இருக்கிறது.

அது என் மனைவி பின்னியது. கல்யாணத்துக்கு முன் ஹாஸ்டலில் தங்கிப் படித்த காலத்தில் அவள் கற்றுக்கொண்ட வேலை. முதல் பிரசவத்துக்குத் திருவரங்குளத்துத் தாய்வீட்டுக்குப் போகும் முன், ஏழு மாத வயிற்றின் மேல் நூலுருண்டையை உட்காரவைத்துக்கொண்டு, பாசிப்பச்சைக் கம்பளி நூலில் பின்னி முடித்தாள். வண்டி ஏறும்போது கையில் கொடுத்து, ஒரே மூச்சில் சொன்னாள்:

"வெளுக்கப் போட்டுறாதீங்க. கல்லுல அடிக்கக் கூடாது, முறுக்கக் கூடாது, கொடியில தொங்கப்போடக் கூடாது. பூந்திக்கொட்டை நொரையில அமுக்கி எடுத்து நெழல்ல படுக்கப்போட்டு ஒணத்துங்க. என்னையும் பிள்ளையையும் கூப்பிட வாரப்ப இதைப் போட்டுக்கிட்டுத்தான் வரணும்."

வண்டி தெருமுனை திரும்பியதும் ஆத்தா ஆரம்பித்தாள். "செம்மறியாட்டுக்கு வேணும் இந்தச் சட்டை. ஒனக்கெதுக்குடா? அவ வாரதுக்குள்ள நீ இதைக் கந்தலாக்கிருவ, பாரு."

"அவ கண்ணு முன்னால முழுசா கொண்டுபோய் நிறுத்துறேன், பாருங்க" என்றேன். வீம்புக்குச் சொன்னதுதான்.

அந்த வீம்பிலேயே, ஐப்பசியில் பையன் பிறந்தபின் வந்த மார்கழி முழுதும் அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். பத்து மணி வெயிலில் முதுகில் வியர்வை ஓடும். கழற்றினால் தோற்றதாகிவிடுமே என்று அதோடேயே பாடம் நடத்துவேன். சாக்பீஸ் தூளும் கடலைக்காட்டுப் புழுதியும் வியர்வையும் சேர்ந்து, தை பிறந்தபோது ஸ்வெட்டர் தானாகவே நடக்கும் நிலைக்கு வந்திருந்தது. மனைவியைக் கூப்பிடப் போக ஒரு வாரம்தான் பாக்கி.

பூந்திக்கொட்டையை ஊறவைத்து, நுரையடித்து, அவள் சொன்னபடியே அமுக்கி அலசினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பிறந்ததிலிருந்து கஞ்சி போடாத துணியை உடுத்தி அறியாதவன் நான். என் வேட்டியே நான் இல்லாமல் நிற்கும். அடிக்கக் கூடாது, முறுக்கக் கூடாது என்றாள். கஞ்சி போடக் கூடாது என்று சொன்னாளா? சோறு வடித்த கஞ்சியில் நன்றாக முக்கி, கயிற்றுக் கட்டிலில் விரித்தேன்.

சாயங்காலம் எடுத்தால் பலகை. தலையை நுழைத்தால் நுழையவில்லை. ஆத்தா ஒரு விரலால் தட்டிப் பார்த்தாள்.

"நல்லாத்தான்டா இருக்கு. கொல்லைக்கதவு உளுத்துப் போச்சு, அங்கிட்டு மாட்டிரு." சிரித்து முடித்துவிட்டு, "வெளுக்குறவர்கிட்ட போடு. வெள்ளாவியில வச்சா எல்லாம் சரியாயிரும்" என்றாள்.

"குடுக்க மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை, தெரு பார்க்க வாசலிலேயே வாளியோடு குந்தினேன். போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று பார்த்தார்கள்.

"என்ன சார், வாத்தியார் வேலை போச்சா?"

"இல்லண்ணே, இது பிரமோசன்."

ஐந்து வாளித் தண்ணீர் மாற்றினேன். கஞ்சியெல்லாம் போய், கம்பளி மறுபடி மெத்தென்று ஆனது. அந்தச் சந்தோஷத்தில், ஈரத்தோடு அதன் இடது கையைப் பிடித்துத் தூக்கி, தெருவுக்கே கொடிபோல் ஆட்டிக் காட்டினேன். தண்ணீர் கனத்தில் அந்தக் கை ஒரு சாண் நீண்டுவிட்டது. உடனே கட்டிலில் படுக்கப்போட்டு, நீண்டதை விரலால் மெல்ல மெல்ல உள்ளே தள்ளிக்கொண்டே உட்கார்ந்தேன். கஞ்சி வாசனைக்கு வந்த ஆட்டை விரட்டுவதும் என் பொறுப்பாயிற்று. அரைச் சாண் மீண்டது. கூப்பிடப் போகும் நாளில் அதைப் போட்டு, மீதி நீளத்தை மடித்துக்கொண்டு முதல் பஸ் ஏறினேன்.

திருவரங்குளத்தில் மனைவி என்னை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். மடித்த கையைப் பார்த்தாள். அப்புறம் கழுத்துப் பட்டிக்கு அடியில் நகத்தால் எதையோ கிள்ளி எடுத்து என் முன் நீட்டினாள். காய்ந்த சோற்றுப் பருக்கை.

"கஞ்சி போட்டீங்களா?"

"நீ வேண்டாம்னு சொல்லலையே."

முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பதறிப்போய் எட்டிப் பார்த்தேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பை மறைக்கத்தானோ என்னவோ, பிள்ளையைத் தூக்கி என் நெஞ்சோடு சாய்த்தாள். அவன் ஒரு நிமிஷம் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, ஸ்வெட்டரைத் தாராளமாக நனைத்தான்.

மாமனார் பதறினார். "கழட்டிக் குடுங்க மாப்ள, வெளுக்கப் போட்டுருவோம். நீங்க போய் அதைத் தொவைச்சா ஊரு என்ன பேசும்?"

"எங்க ஊரு பேசி முடிச்சிருச்சு மாமா. ஒங்க ஊரும் பேசட்டும்" என்று கிணற்றடிக்கு நடந்தேன். "பூந்திக்கொட்டை எங்க இருக்கு?"

என் மனைவி பின்னாலேயே வந்தாள், கஞ்சிப் பானையைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு.