கண்ணை மூடிக் குத்திக்கொண்ட மூக்குத்தி

கடந்த ஆண்டு தை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், பெங்களூரு பிரேசர் டவுனில் உள்ள ஒரு சிறிய நகைக்கடையில் மூக்குக் குத்திக்கொண்டேன். அப்போது எனக்கு வயது இருபத்தாறு. இரண்டு ஆண்டுகள் யோசித்து எடுத்த முடிவு அது. தழும்பு விழுமா, அலுவலகத்தில் என்ன சொல்வார்கள், கல்யாணத்துக்குச் சம்மதம் என்று அம்மா எடுத்துக்கொள்வாரா என்பது வரை யோசித்திருந்தேன். (அம்மா அப்படித்தான் எடுத்துக்கொண்டார்.) எதையும் விளைவு பார்த்துச் செய்கிறவள் என்று வீட்டில் எனக்குப் பெயர்.

நான் சமூகப்பணி படித்தவள். ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை. மாதம் ஒரு ஞாயிறு, நகரத்தின் ஓரத்தில் உள்ள பொம்மசந்திராவில் தொழிற்சாலைப் பெண்கள் தங்கியிருக்கும் விடுதி ஒன்றில் உடல்நல வகுப்பு எடுப்பேன். ஊசி எதற்காகப் போட்டாலும் "பாக்கெட்டை என் கண் முன்னால பிரிங்க" என்று கேட்க வேண்டும் என்பது அந்த வகுப்பில் முக்கியமான பாடம். கூச்சம் போவதற்காக எல்லோரையும் ஒரே குரலில் சொல்லவைப்பேன். அவர்கள் சிரித்துக்கொண்டே கத்துவார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை கடையில் நல்ல கூட்டம். எனக்கு முன்னால் இருந்த அம்மாள் மூக்கைப் பிடித்தபடி எழுந்தார். கடைக்காரர் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து ஊசியைத் துடைத்து, சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டார். கிண்ணத்தில் வேறு ஊசிகளும் இருந்தன. கேட்க வேண்டிய வாக்கியம் என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் அவர் சுவாமி படத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, "ஹெதரபேடம்மா, பயப்படாதே, எறும்பு கடிச்ச மாதிரிதான்" என்று கன்னடமும் தமிழுமாக அன்போடு சொன்னார். அவரிடம் போய்ச் சந்தேகமாகக் கேட்பதா? பின்னால் வரிசையில் நிற்பவர்கள் என்ன நினைப்பார்கள்? நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். திறந்தபோது மூக்கில் கல் மின்னியது.

மாலையில் கண்ணாடி முன் நின்று, காய்ந்திருந்த ஒரு துளி ரத்தத்தைத் துடைத்தபோதுதான் பயம் வந்தது. எந்த ஊசி? கிண்ணத்தில் இருந்ததா, புதியதா? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. வருவதற்கு நான் பார்த்திருந்தால்தானே?

மறுநாள் அரசு மருத்துவமனையின் பரிசோதனை மையத்துக்குப் போனேன். அங்கிருந்த ஆலோசகர் நிதானமாகக் கேட்டார்: "பாக்கெட்டைப் பிரிச்சதைப் பாத்தீங்களா?"

என் கேள்வி என்னிடமே வந்தது. "கண்ணை மூடிட்டேன்" என்றேன்.

எச்.ஐ.வி.க்கும் மஞ்சள் காமாலைக்கும் பரிசோதிக்க ரத்தம் எடுத்தார்கள். மஞ்சள் காமாலைத் தடுப்பூசியும் போட்டார்கள். "ஆபத்து ரொம்பக் குறைவு. ஆனா இன்னைக்கு எடுக்கிற டெஸ்ட் இதுவரைக்கும் எதுவும் இல்லைன்னு மட்டும்தான் சொல்லும். மூணு மாசம் கழிச்சு மறுபடி வாங்க" என்றார். குறைவு என்ற சொல்லை நானே எத்தனையோ பேரிடம் ஆறுதலாகச் சொல்லியிருக்கிறேன். கேட்டுக்கொள்கிறவருக்கு அது எவ்வளவு சிறிய ஆறுதல் என்று அன்றுதான் தெரிந்தது. லேசாகத் தொண்டை கரகரத்தாலும் பயம். காய்ச்சலே இல்லாமல் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை. அவர் மூக்குத்தியைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வகுப்புக்குப் போனபோது பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"அக்கா, சூப்பரா இருக்கு! எங்க குத்துனீங்க? வலிச்சுதா?"

கூட்டத்தில் திருவண்ணாமலைப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். வயது இருபதுதான் இருக்கும், வாய்த்துடுக்கு அதிகம். அவள் இடுப்பில் கை வைத்து, என்னைப்போலவே குரலை மாற்றிக்கொண்டு கேட்டாள்: "பாக்கெட்ட உங்க கண்ணு முன்னால பிரிச்சாங்களா?"

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். நானும் சிரித்தபடி, "ஆமாம்" என்றேன்.

"பின்ன? அக்கா கேக்காம விடுவாங்களா!" என்றாள் இன்னொருத்தி. கடை எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். அதையும் சொன்னேன்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிறு காலை, பிரேசர் டவுனுக்குப் பக்கத்தில் ஜீவனஹள்ளியில் என் வீட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். கைப்பேசியில் ஒரு படம் வந்தது. அந்தத் திருவண்ணாமலைப் பெண்ணும் அவளுடைய தோழிகள் மூவரும், அதே நகைக்கடை வாசலில். கீழே எழுதியிருந்தாள்: "அக்கா, உங்க கடைக்கே வந்துட்டோம். நாலு பேரும் குத்திக்கப் போறோம். எங்களுக்கு முன்னால ரெண்டு பேருதான்."

பொம்மசந்திராவிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார்கள். வழியில் எத்தனையோ கடைகளைத் தாண்டி, அக்கா சொன்ன கடை பத்திரமானது என்று நம்பி வந்திருக்கிறார்கள். நான்கு பேர், ஒரு கிண்ணம். போன் செய்தேன், எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை. வீட்டுச் செருப்போடு ஓடிப்போய் ஆட்டோ பிடித்தேன். சிக்னலில் நின்ற ஒவ்வொரு நிமிடமும் ஒரு பெண் அந்த முக்காலியில் உட்கார்ந்து எழுவதாகவே தோன்றியது. மூன்று மாதம் என் பயத்தை நான் சுமந்துவிடுவேன். அவர்களுக்கு ஏதாவது ஆனால் அதை எப்படிச் சுமப்பேன்?

கடைக்குள் நுழைந்தபோது சத்தம் கேட்டது. அந்தப் பெண் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். மூக்கைக் கையால் பொத்திக்கொண்டிருந்தாள்.

"பாக்கெட்டப் பிரிச்சாத்தான் கைய எடுப்பேன்!"

"முப்பது வருஷமா குத்துறேம்மா. எத்தனை கொழந்தைங்களுக்குக் குத்தியிருக்கேன், யாரும் இப்படிக் கேட்டதில்ல" என்றார் கடைக்காரர்.

"எங்க அக்காவுக்கு மட்டும் பிரிச்சீங்க?" என்றவள் என்னைப் பார்த்துவிட்டாள். "தோ, அக்காவே வந்துட்டாங்க! சொல்லுங்கக்கா."

கடைக்காரர் என் முகத்தையும் மூக்குத்தியையும் உற்றுப் பார்த்தார். "இவங்களா? இவங்க கேக்கவே இல்லையேம்மா" என்றார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்தார். உள்ளே சீல் பிரிக்காத ஊசிப் பாக்கெட்டுகள் அடுக்கி இருந்தன. "கேக்குறவங்களுக்குப் புதுசு பிரிப்பேன். கேக்காதவங்களுக்கு ஸ்பிரிட்ல நல்லாத் தொடச்சுதான் குத்துறேன். இதுல என்ன தப்பு?" அவர் குரலில் கள்ளம் எதுவும் இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. இத்தனை நாள் எனக்கு இருந்தது சந்தேகம். அந்த நிமிடத்தில் அது உறுதியாகிவிட்டது.

நான்கு பெண்களும் என்னையே பார்த்தார்கள்.

"பொய்யாக்கா சொன்னீங்க?"

"ஆமாம்" என்றேன். அன்று சொன்ன அதே சொல்தான், இந்த முறை சிரிப்பில்லாமல் வந்தது. "கேக்க வெக்கமா இருந்துச்சு. டெஸ்ட் எடுத்திருக்கேன். இன்னொண்ணு பாக்கி இருக்கு."

அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு கடைக்காரரிடம், "நாலு பாக்கெட் எடுங்கண்ணா" என்றாள். வரிசையில் கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண், "எங்களுக்கும் ஒண்ணு" என்று மெல்லச் சொன்னார். கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே பாக்கெட்டைப் பிரித்தார். ஊசி இறங்கும்போது திருவண்ணாமலைப் பெண்ணின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. ஆனால் அவள் கண்ணை மூடவே இல்லை. அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் என் பக்கம் பார்க்காமலே கேட்டாள்: "அந்த இன்னொரு டெஸ்ட் எப்போ?" சொன்னேன். சித்திரையில் அந்த நாளில், ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்து மருத்துவமனை பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். என் பெயரைக் கூப்பிட்டபோது கண்ணை இறுக மூடிக்கொண்டேன். "போங்கக்கா, கண்ணத் தொறந்துட்டுப் போங்க" என்றாள்.

எந்தத் தொற்றும் இல்லை என்று காகிதத்தில் இருந்தது. அதை மூன்று முறை படித்துவிட்டு அவளிடம் நீட்டினேன். அவளும் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத்தான் சிரித்தாள்.

இன்றும் வகுப்பில் அந்த வாக்கியத்தைச் சொல்லவைக்கிறேன். அதற்கு முன் இந்தக் கதையை, என் பொய்யையும் சேர்த்து, முழுவதுமாகச் சொல்லிவிடுகிறேன். பிறகு அவர்களோடு சேர்ந்து நானும் உரக்கச் சொல்கிறேன், ஏனெனில் அந்தப் பயிற்சி மற்ற எவரையும்விட எனக்குத்தான் தேவைப்பட்டது என்பதை மூக்கில் இருக்கும் இந்தச் சின்னக் கல் மறக்க விடுவதில்லை.