மேம்பாலத்தில் மாட்டிக்கொண்ட வயிறு

குடல் பாக்டீரியாவுக்கு மாத்திரை தொடங்கியிருக்கிறேன். "மொதல்ல வலியும் உப்புசமும் கொஞ்சம் ஜாஸ்தியாகும், அப்புறம் தணிஞ்சிடும். பயந்துபோய் நிறுத்திடாதீங்க" என்று டாக்டரம்மா சொல்லித்தான் அனுப்பினார்.

அந்த 'ஜாஸ்தி' இன்று காலை, பெங்களூரு அல்சூரிலிருந்து ஆபீஸ் போகும் பஸ்ஸில், மேம்பாலத்தின் நட்டநடுவில் வந்தது.

முன்னால் ஒரு லாரி பழுதாகி நின்றிருந்தது. பஸ் அசையவில்லை. வயிற்றை யாரோ துணி பிழிவதுபோல் பிழிந்தார்கள். இறங்கினாலும் போக்கிடமில்லை, இரண்டு பக்கமும் சுவர்தான்.

தினமும் இதே பஸ்ஸில் வரும் பக்கத்து சீட் அக்கா என் முகத்தைப் பார்த்தார். "இன்னாம்மா, மாசமா கீறியா?"

"இல்லக்கா. வயிறு சரியில்ல. அவசரமா பாத்ரூம் போவணும்."

உடனே அக்கா எழுந்து, கண்டக்டரிடம் கன்னடத்தில் சத்தமாகச் சொல்லிவிட்டார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டேன்.

ஒருவழியாகப் பாலம் இறங்கியதும், நிறுத்தமே இல்லாத இடத்தில், ஒரு பெட்ரோல் பங்க் வாசலில் டிரைவர் நிறுத்தினார். "போய்ட்டு வாங்க மேடம், நிக்கிறோம்" என்றார் கண்டக்டர்.

ஓடினேன்.

திரும்பி வந்தால் பஸ் அங்கேயே நின்றுகொண்டிருந்தது. ஏற்கெனவே தாமதமான அத்தனை பேரும் எனக்காகக் காத்திருந்தார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மாத்திரையால் வந்த வினை என்று சொன்னதும், ஆளுக்கொரு வைத்தியம். ஓமத் தண்ணீர், வெந்தயம், மாதுளைத் தோல். அக்கா மட்டும் மாத்திரையையே நிறுத்தச் சொன்னார்.

"டாக்டர் நிறுத்தக் கூடாதுன்னாங்கக்கா."

"டாக்டரு இன்னா, பஸ்லயா வராங்க?"

மாத்திரையை நிறுத்தப் போவதில்லை. ஆனால் நாளைக்கும் அதே பஸ்தான், அதே அக்காதான். என்ன சொல்லிச் சமாளிப்பது? அனுபவசாலிகள் கொஞ்சம் சொல்லுங்கள்.