வெள்ளிக்கிழமை நாலு மணி அப்டேட்

மதுரையில் ஒருத்தர் செத்தால் முதல் போன் பூக்காரருக்குப் போகும், அடுத்தது போஸ்டருக்கு. சிம்மக்கல்லில் சிவனாண்டி நடத்தும் அச்சகத்தில் தயாராகும் கண்ணீர் அஞ்சலிகளில் பாதி, விளாங்குடி மாடிவீட்டில் வசுந்தராவின் விரல் பட்டுத்தான் வரும். ஐம்பத்து மூன்று வயது. இருபது வருஷமாக இதே டைப்பிங் வேலை. ஒரு ஆவணி மாதம் புருஷன் கிரிதரனுக்கும் அவளேதான் அடித்தாள். மற்றவர்களிடம் கொடுத்தால் எழுத்துப்பிழை விடுவார்கள் என்று சொல்லிவிட்டாள். அப்படி ஒரு அழுத்தக்காரி.

கிரிதரன் கூட்டுறவு சங்கத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். கம்ப்யூட்டர் என்றால் லினக்ஸ்தான் என்று ஒற்றைக்காலில் நின்றவர். வெள்ளிக்கிழமை நாலு மணியானால் அப்டேட் போட்டுவிட்டு, எந்த மென்பொருள் எந்த வெர்ஷன் என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிவைப்பார். ஊரே கோயிலுக்குக் கிளம்புகிற நேரத்தில் இவருக்கு இந்தப் பூஜை. வசுந்தரா தலையில் அடித்துக்கொள்வாள். கம்ப்யூட்டரில் அவருக்கு ஒரு பெயர், அவளுக்கு ஒரு பெயர், ஆளுக்கொரு பாஸ்வேர்டு. அவருடையதை அவள் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை.

ஐப்பசியில் சிவனாண்டி போன் பண்ணினார்.

"அக்கா, நீங்க அனுப்புற ஃபைலு இங்க கலைஞ்சு கலைஞ்சு நிக்குது. ஒங்ககிட்ட இருக்குற டைப்பிங் சாஃப்ட்வேர் எந்த வெர்ஷன்னு பாத்துச் சொல்லுங்க."

பார்த்தாள். 24.2.7 என்று இருந்தது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் கிரிதரன் கையெழுத்தில் 24.2.5 என்று இருந்தது. யார் மாற்றினார்கள்? சிலது தானாகவே மாறும், ஆனால் அதற்கு ஆள் பெயர் பதிவாகாது என்று அவர் எப்போதோ சொல்லியிருக்கிறார். அப்டேட்டுகளைக் குறித்துவைக்கும் பதிவைத் திறந்தாள். வெள்ளிக்கிழமை, நாலு மணி பன்னிரண்டு நிமிஷம், கேட்டவர்: கிரி. அதற்கு முந்தின வெள்ளி, நாலு பன்னிரண்டு, கேட்டவர்: கிரி. மேலே போகப்போக ஒரு வாரம் தவறவில்லை. அவரை எரித்து இரண்டே நாள் ஆகியிருந்த வெள்ளிக்கிழமையும் அதில் இருந்தது. அன்றைக்கு வீடு முழுக்க இழவுக்கு வந்த சனம், கம்ப்யூட்டர் பக்கம் யாரும் போகவில்லை.

வசுந்தரா பதிவை மூடிவிட்டு, அன்றைக்கு ராத்திரி விளக்கை அணைக்காமலே படுத்தாள்.

வெள்ளிதோறும் சாயங்காலம் கூலி வாங்க அச்சகத்துக்குப் போகிறவள், அடுத்த வெள்ளி போகாமல் அடுப்படியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலாயிற்று. நாலு ஐந்தாயிற்று. ஒன்றும் நடக்கவில்லை. நாலு பத்துக்குப் படபடவென்று மழை பிடித்துக்கொண்டது. மொட்டைமாடியில் துணி கிடந்தது. வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு மேலே ஓடினாள். துணியை அள்ளிக்கொண்டு வந்து பூட்டைத் திறந்தபோது, கம்ப்யூட்டருக்குள் இருக்கிற விசிறி பெரிதாக இரைந்து, மெல்ல அடங்கியது. பதிவைத் திறந்தாள். நாலு பன்னிரண்டு. கேட்டவர்: கிரி.

பயம் ஒரு வாரம்தான். புருஷன்தானே, பேயா என்ன? ஆள் பார்த்தால் அவருக்குக் கூச்சமோ என்னவோ என்று அவளே ஒரு நியாயம் கண்டுபிடித்தாள். அதன் பிறகு வெள்ளி மூன்றரைக்கெல்லாம் சேலை மாற்றி, கம்ப்யூட்டரை அணைக்காமல், "ஏங்க, போயிட்டு வாரேன்" என்று அவர் உட்காரும் நாற்காலியிடம் சொல்லிவிட்டு சிம்மக்கல்லுக்குப் பஸ் ஏறுவாள். திரும்பி வந்ததும் அந்த ஒரு வரியைப் படிப்பாள். அதன் பிறகுதான் சோறு இறங்கும். யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஆடியில் நாத்தனார் மீனலோசனி வருஷத் திவசம் பற்றிப் பேச வந்தாள். அவர்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்ட்ரம். நமக்காகத் தமிழில் சொல்கிறேன்.

"வருஷத் திவசம் வரைக்கும் ஆத்மா வாசப்படியத் தாண்டாது வசு. பிண்டம் வச்சாத்தான் தம்பி போய்ச் சேருவான்."

"அப்ப திவசம் வேண்டாம் அண்ணி."

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? புருஷனுக்குத் திவசம் வேண்டாம் என்கிறாளாம், புத்தி பேதலித்துவிட்டதாம் என்று சொந்தபந்தமெல்லாம் பேசியது. கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் மகன் ராகேஷ் ஓடி வந்தான். அவனிடம் மட்டும் பதிவைத் திறந்து காட்டினாள்.

"இங்கதாண்டா இருக்காரு. நானே எப்படி அனுப்பி வைப்பேன்?"

ராகேஷ் ஒவ்வொரு வரியாகக் கீழே வரைக்கும் படித்தான். முகம் பேயறைந்த மாதிரி ஆனது. எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தான்.

"அம்மா, அது நான்தாம்மா. கோயம்புத்தூர்ல இருந்தே உள்ள வந்து அப்பா பேருல போடுறேன். ஒனக்குக் கஷ்டமா இருக்கும்னுதான் சொல்லல."

அவளுக்குக் கோபத்தைவிட வெட்கம்தான் அதிகம் வந்தது. இத்தனை மாதம் வெறும் நாற்காலியிடமா சொல்லிக்கொண்டு போனோம்? "இதச் சொல்லித் தொலைச்சா என்னடா?" என்று அவன் முதுகில் இரண்டு போட்டுவிட்டு, அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஐயருக்குச் சொல்லிவிடு என்றாள்.

திவசம் குறையில்லாமல் நடந்தது. ராகேஷ் பிண்டம் வைத்தான். காக்காய் முதல் கூப்பாட்டுக்கே வந்தது. மீனலோசனி, "தம்பி திருப்தியாப் போயிட்டான்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மறுநாளே ராகேஷ் ஊருக்குப் போய்விட்டான்.

அந்த வெள்ளி வசுந்தரா அச்சகத்திலிருந்து வந்து, பழக்கதோஷத்தில் பதிவைத் திறந்தாள். புது வரி இல்லை. வேலை மும்முரத்தில் பையன் மறந்திருப்பான் என்று விட்டுவிட்டாள். அடுத்த வெள்ளியும் இல்லை. அறுபத்தொரு அப்டேட் காத்திருப்பதாகத் திரை சொன்னது. போனை எடுத்தாள்.

"ஏண்டா, திவசம் முடிஞ்சா அப்பாவ மறந்துறணுமா? ரெண்டு வாரமா அப்டேட் போடலியே?"

அந்தப் பக்கம் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"ராகேஷு?"

"அம்மா... அப்பா பாஸ்வேர்டு எனக்குத் தெரியாதும்மா. நான் ஒருநாளும் போட்டதில்ல. நீ திவசத்துக்கு ஒத்துக்கணுமேன்னுதான் அன்னைக்கு அப்படிச் சொன்னேன்."

வசுந்தரா போனை மேஜைமேல் வைத்தாள். அதற்குள்ளிருந்து மகன் அம்மா அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். அவள் நாற்காலியைப் பார்த்து, "ஏங்க" என்றாள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம் கூப்பிட்டாள். கூட இருந்த மனுஷனை அவளேதான் ஐயரை வரவழைத்து அனுப்பியிருந்தாள்.