செல்லையாவுக்கு நான் கொடுத்த சிபாரிசு

போன வாரம் வீட்டு ஃபிரிட்ஜைப் பழுதுபார்க்க வந்தவர், வேலை முடிந்ததும் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "ஆத்தா, இதுல அஞ்சு ஸ்டார் அமுக்கி விடுங்க." நான் நாலாம் வகுப்போடு நின்றவள். ஒருவரைப் பற்றி நல்லது சொல்வதானால் வாயால்தான் சொல்லிப் பழக்கம். "ரெக்குமெந்து" என்றேன். முழித்தார். அது போர்த்துகீசியம் என்று அவர் எங்கே கண்டார்?

சிரிக்காதீர்கள். அன்னவாசலில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த காலத்தில் கற்றது. ஜெகதாப்பட்டினத்துக் கருவாட்டில் நான் குழம்பு வைத்தால் வாசனை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போகும். சித்தன்னவாசல் ஓவியம் பார்க்க வரும் வெள்ளைக்காரர்கள் வேனை விட்டு இறங்கி, நன்றாக இருக்குமா என்று சைகையில் கேட்பார்கள். தன் கைப்பக்குவத்தைத் தானே மெச்சிக்கொள்வாளா ஒருத்தி? கண் பட்டுவிடாதா? "ஏதோ இருக்குங்க, சுமாரா" என்று கையை இப்படியும் அப்படியும் ஆட்டுவேன்.

வேன் ஓட்டி வந்த செல்லையாவுக்கு அது போதும். எதிர்ச்சாரியில் இருந்தது அவன் மச்சான் ஓட்டல். "நோ குட், டர்ட்டி" என்று என் முன்னாலேயே சொல்லி, சிரித்துக்கொண்டே அவர்களை அங்கிட்டு ஓட்டிப் போவான். டர்ட்டி என்றால் எனக்குத் தெரியாதா? மூன்று வேளையும் கழுவித் துடைத்த அடுப்படி அது. ஒருநாள் வடித்த சோறெல்லாம் மாட்டுக்குப் போயிற்று. இவனைச் சும்மா விடுவதில்லை என்று குலசாமிக்குக் காசு முடிந்து வைத்தேன்.

சாமி லூசியாவை அனுப்பியது. ஓவியத்தைப் பார்த்து வரைய வந்த போர்த்துகீசியக்காரி. மூன்று மாதம் என் கடையில்தான் சாப்பிட்டாள். அவள் நாட்டிலும் மீனைக் காயவைத்துத் தின்பார்களாம். கருவாட்டைக் கண்டதும் தாய்வீட்டுக்கு வந்தவள் போல ஆனாள். நம் அலமாரி, சாவி எல்லாம் அவர்கள் கொடுத்த சொற்களாம். "அப்ப பூட்டு யாரு குடுத்தா?" என்றேன்.

செல்லையா கதையைச் சொன்னேன். "நல்லா இருக்குன்னு நீங்க சொன்னா என்ன?" என்றாள், கொச்சைத் தமிழில்.

"வாய் வரலையேம்மா."

"எங்க பாஷைல சொல்லுங்க."

ரெக்குமெந்து: நான் சொல்கிறேன், நம்பிப் போங்கள். வாலி அ பேனா: போனால் வீண் போகாது. மாவு ஆட்டிக்கொண்டே சொல்லிப் பழகினேன். கூச்சமே வரவில்லை! திருஷ்டிக்கு அந்தப் பாஷை தெரியாது போல. கடைசி நாளில் நானாகக் கேட்டேன்: "நம்பாதே, வேண்டாம்னு எப்படிச் சொல்றது?" சிரித்துக்கொண்டே முன்னால் ஒரு 'நௌன்' சேர்த்துக் கொடுத்தாள்.

ஊருக்குப் போய் அவள் தன் ஆட்களை அனுப்பிக்கொண்டே இருந்தாள். முதல் கூட்டம் செல்லையா வேனில்தான் வந்தது. கதவு திறந்ததும் முன்னால் போய் நின்று, "வாலி அ பேனா!" என்றேன். கைதட்டி உள்ளே வந்தார்கள். சாப்பிட்டு முடித்த ஒருவர் செல்லையாவைக் காட்டி, மதுரைக்கும் இவரோடு போகலாமா என்கிற மாதிரி கேட்டார். அவன் கண்ணைப் பார்த்தபடியே சொன்னேன்: "நௌன் ரெக்குமெந்து."

மதுரைக்கு வேறு வண்டி பிடித்தார்கள்.

"அவங்ககிட்ட என்னக்கா சொன்னீங்க?"

"ஒன்னயப் பத்தித்தான்ப்பா."

அடுத்த கூட்டத்துக்கும் அதையே சொன்னேன், அதற்கடுத்ததற்கும். அதற்குள் அர்த்தம் அவனுக்கே விளங்கிவிட்டது. நான் வாயைத் திறக்கும்போதே அவன் முகம் கறுக்கும். வேனை விற்றான். மச்சான் ஓட்டலும் படுத்தது. பாவமாக இல்லையா என்று கேட்பீர்கள். இல்லை.

கொரோனா வந்து வேன்களை நிறுத்தியது. நானும் கடையை மூடினேன். போன வருஷம் செல்லையா செத்துப்போனான். இழவு வீட்டில் ஆளாளுக்கு அவனை மெச்சினார்கள். நம் வழக்கம் அது. அவன் பெண்டாட்டி என் கையைப் பிடித்து, "நீங்களும் ஒரு வார்த்த சொல்லுங்கக்கா" என்று அழுதாள். தலைமாட்டில் நின்று நிதானமாகச் சொன்னேன்: "நௌன் ரெக்குமெந்து." ஏதோ மந்திரம் என்று சுற்றி நின்றவர்கள் கும்பிட்டார்கள்.

வேன் இல்லை, கடை இல்லை. லூசியாவிடமிருந்தும் சேதி நின்றுவிட்டது. என்னை விட்டால் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரிந்த ஒரே ஆள் இந்த ஊரில் செல்லையாதான். அன்றைக்கு அவனும் கேட்டுக்கொண்டு முகம் கறுக்காமல் படுத்திருந்தான்.