என் இரத்தத்தில் இருந்தது

பலாபத்வலயிலிருந்து கலேவெலைக்கு என் மகனுக்குப் பெண் பார்க்கப் போனோம். பேச்சு நல்லபடியாக முடியும் நேரத்தில் அந்தப் பிள்ளையே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மாமி, டெஸ்ட் பண்ணினதுல என்ட ரத்தத்துல தலசீமியாக் குறை ஈக்கிறதா சொன்னாங்க. எனக்கு நோய் ஒண்டும் இல்ல. ஆனா மாப்பிள்ளைக்கும் அது இருந்தா, பொறக்குற புள்ளைக்குக் கடும் நோய் வரலாம். அவரையும் ஒருக்கா டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க," என்றாள்.

நான் எல்லோருக்கும் கேட்கும்படி, "பழுதான ரத்தம் எங்கட குடும்பத்துக்கு வாணாம்," என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன். அவளுடைய உம்மா அழுதார். திரும்பி வரும்போது செக்பொயின்ட்டில் ஆமிக்காரர்கள் அடையாள அட்டை பார்க்க பஸ்ஸிலிருந்து எங்களை இறக்கினார்கள். அங்கேயும் மகன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பிறகு அவனே போய் டெஸ்ட் செய்துகொண்டான். அவனுக்கும் அதே குறை இருந்தது. "இது தாய் தகப்பனிடமிருந்துதான் வரும்," என்று டொக்டர் எங்கள் இருவரையும் சோதிக்கச் சொன்னார். என் கணவருக்கு இல்லை. எனக்கு இருந்தது. அந்தப் பிள்ளை மறைத்திருந்தால், என் பேரப்பிள்ளை அல்லவா அந்த நோயோடு பிறந்திருக்கக்கூடும்?

மன்னிப்புக் கேட்கப் போனேன். "இதுல வெக்கப்பட ஒண்டும் இல்ல மாமி," என்று அவள் என் கையைப் பிடித்தாள். அவள் சொன்னது இரத்தத்தைப் பற்றி. நானோ அன்று பேசிய பேச்சை நினைத்துத் தலைகுனிந்து நின்றேன்.

இப்போது என் மகளுக்குச் சம்பந்தம் பேச யார் வந்தாலும், தேத்தண்ணி கொடுக்கும் முன்பே என் இரத்தத்தைப் பற்றி நானே சொல்லிவிடுகிறேன். சிலர் எழுந்து போய்விடுகிறார்கள். அவர்களை ஏச எனக்கு வாய் வருவதில்லை.