பெட்ரோலுக்குக் கம்பளி

போன மாதம் மகளின் புதுக் காரில் கொடைக்கானலுக்கு ஏறிக்கொண்டிருந்தோம். பாதி மலையில் பனிமூட்டம் இறங்கியதும் விளக்குகள் தாமாகவே எரிந்தன. மகள் சுவிட்சைத் தொடக்கூட இல்லை. பின்சீட்டில் இருந்த என் கண் மட்டும் பழக்கதோஷத்தில் முன்கண்ணாடியின் இடது ஓரத்துக்குப் போய், அங்கே ஒன்றும் இல்லை என்று பார்த்துவிட்டுத் திரும்பியது. என்ன தேடுகிறேன் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். வளைவுகளில் ஓட்டுகிறவர்களைச் சிரிக்க வைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

வேறொரு காரில், வேறொரு காலத்தில், அந்த இடத்தில் ஒரு மீட்டர் இருந்தது. உள்ளங்கையில் அடங்குகிற வட்டம், வெள்ளை முகம், சிவப்பு முள். எஞ்சினுக்குப் பெட்ரோல் எவ்வளவு அழுத்தத்தில் போகிறது என்று அது காட்டும். கார் கம்பெனிக்காரன் அதை வைத்துக் கொடுப்பதில்லை. நாமாக வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டும். எனக்குத் தெரிந்து எங்கள் டாக்ஸி ஸ்டாண்டிலேயே அப்படி மாட்டிக்கொண்டவர் என் வீட்டுக்காரர் ஒருவர்தான். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கன்னிவாடியிலிருந்து கல்யாணமாகி நான் மலைக்கு வந்த புதுசு.

அவர் குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தது. அவர் பிறந்ததென்னவோ இங்கேதான், ஆனாலும் அந்தப் பேச்சு வீட்டைவிட்டுப் போகவில்லை. முடியாது என்று சொல்லமாட்டார், 'ஏலாது' என்பார். முதல் வாரம் முழுக்க அதற்கு நான் சிரித்துக்கொண்டிருந்தேன். குளிருக்குப் பயந்து காலையில் எழுந்திருக்கச் சுணங்கியபோது என் மாமியாரும் 'ஏலாது' என்றார். அதோடு என் சிரிப்பு நின்றது.

கார் பழைய கார். வாங்கிய கொஞ்ச நாளிலேயே பெருமாள்மலை ஏற்றத்தில் படுத்துவிட்டது. மெக்கானிக் பெட்ரோல் ஃபில்டரை மாற்றிவிட்டு இனி நிற்காது என்றார். அது அப்புறம் நிற்கவும் இல்லை. ஆனால் ஒருமுறை காலை வாரிவிட்ட வண்டியை நம்புகிற ஆளா இவர்? பம்ப் பலவீனமாக இருக்குமோ என்ற சந்தேகம் ராத்தூக்கத்தைக் கெடுத்தது. திண்டுக்கல் போய் அந்த மீட்டரை வாங்கி வந்து, ஒரு சிநேகிதரைக் கூட வைத்துக்கொண்டு தானே மாட்டினார். வயர் இடது பக்கம் வரைக்கும்தான் எட்டியது. அதனால் மீட்டர் என் மூஞ்சிக்கு நேராக வந்து உட்கார்ந்தது. சவாரி இல்லாத நாட்களில் வண்டியைச் சோதிக்கிறேன் என்று அவர் கிளம்பினால், கூடவே போய் முள்ளைப் பார்த்துச் சொல்வது என் சோலி. இருட்டில் முள் தெரியாது, அதனால் சோதனையெல்லாம் பகலில்தான்.

"நாப்பது" என்பேன். "ம்" என்பார். அடுத்த வளைவில் "நாப்பதுதாங்க" என்பேன். "ம்" என்பார். "முப்பத்தொம்பது" என்றால் போச்சு. "ஏன்?" என்று என்னைக் கேட்பார், ஏதோ நான்தான் ஒன்றை எடுத்துத் தின்றுவிட்டதுபோல. புதுசாகக் கல்யாணமானவர்கள் காருக்குள் என்னதான் அப்படிப் பேசுகிறார்களோ என்று ஸ்டாண்டில் எல்லாரும் கேலி செய்தார்கள். இதைத்தான் பேசினோம் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் எனக்கு அது பிடித்திருந்தது. வீட்டில் மாமனார், மாமியார், கொழுந்தன் எல்லாருக்கும் சேர்த்து இருந்ததே ஒன்றரை அறை. நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்த இடம் அந்தக் கார்தான்.

இந்த நிம்மதியில் ஒரு குறை. பனிமூட்டத்துக்குள் நுழைந்தால் முள் விழுந்துவிடும். நாற்பதிலிருந்து பதினைந்துக்கு ஒரே சரிவு. வெயிலில் விழாது, மழைத் தூறலில் விழாது. பனி வந்தால் மட்டும் விழும். ஒருநாள் இரண்டு நாள் இல்லை, ஒவ்வொரு தடவையும். எங்கள் ஊரில் மனுசனுக்கு எந்தச் சீக்கு வந்தாலும் பழி குளிரின் மேல்தான். காருக்கு மட்டும் வேறு வைத்தியமா?

"பெட்ரோலுக்குக் குளிரு ஏறிருச்சு" என்று முடிவாகச் சொன்னார் மாமியார். மன்னவனூர் ஆட்டு ரோமத்தில் பின்னிய தன் பழைய மப்ளரையும் எடுத்துக் கொடுத்தார். அதை ஃபில்டரைச் சுற்றி, குழாயைச் சுற்றி, குழந்தைக்குக் கட்டுவதுபோலக் கட்டினோம். பக்கத்திலேயே சூடான எஞ்சின். பெட்ரோல் குழாயில் கம்பளி சுற்றுவது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு அது எங்களுக்கு அக்கறையாகத் தெரிந்தது. பெட்ரோலும் ஆட்டு வாடையும் கலந்து வீசிய அந்தக் காரில் யாராவது வாடகைக்கு ஏறியதே பெரிய விஷயம்.

அந்த நேரம் பார்த்து ஏரிக்குப் பக்கத்தில் ஒரு விடுதியில் சீசன் முழுக்க ஓட்ட ஒரு கார் தேடினார்கள். கிடைத்தால் பிழைத்தோம். கிடைக்காவிட்டால் வண்டியை விற்றுவிட்டு, திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்த அவர் அண்ணனோடு போய்ச் சேர வேண்டியதுதான் என்று வீட்டில் பேச்சாகிவிட்டது. எனக்கு அதை நினைத்தாலே அழுகை வந்தது. குளிரைக்கூடச் சகித்துக்கொள்ளப் பழகியிருந்தேன். அந்தக் காரை விட்டுவிட்டுப் போக மனசில்லை.

விடுதி மேனேஜர் வண்டியைப் பார்க்க மன்னவனூர் வரைக்கும் ஒரு நடை போகலாம் என்றார். மன்னவனூரில் எனக்குச் சொந்தம் இருப்பதாகச் சொல்லி இவர் என்னையும் முன்சீட்டில் ஏற்றிக்கொண்டார். மீட்டர் பார்க்க ஆள் வேண்டுமே.

பூம்பாறை தாண்டியதும் பனி வந்தது. விளக்கைப் போட்டார். முள் விழுந்தது. "பதினஞ்சு" என்று வாய்க்குள்ளேயே சொன்னேன். மற்ற நாளென்றால் ஓரங்கட்டி, பானெட்டைத் திறந்து, கம்பளியை இறுக்கிக் கட்டிவிட்டு வருவார். மேனேஜரை வைத்துக்கொண்டு ஏலுமா? வேர்க்க விறுவிறுக்க ஓட்டினார். நான் பழனி முருகனுக்கு என்னென்னவோ நேர்ந்துகொண்டேன். வண்டி அது பாட்டுக்கு ஏறியது.

கொஞ்ச தூரத்தில் பனி விலகிச் சுள்ளென்று வெயில். பூண்டுத் தோட்டமெல்லாம் பளிச்சென்று தெரிகிறது. முள் மட்டும் பதினைந்திலேயே கிடக்கிறது. வெயிலடித்தும் குளிர் போகவில்லையா? எதிரே வந்த ஜீப்காரர் வெளியே கையை நீட்டி, விரல்களை விரித்து மூடிக் காட்டிவிட்டுப் போனார். பகலில் விளக்கை எரியவிட்டுப் போகிறவர்களுக்கு எல்லா டிரைவர்களும் காட்டும் சைகை. இவர் விளக்கை அணைத்தார். முள் துள்ளி நாற்பதுக்குப் போனது.

"லைட்டைப் போடுங்க" என்றேன். போட்டார். பதினைந்து. "அமத்துங்க." நாற்பது. "இன்னொருக்கா போடுங்க."

பின்சீட்டிலிருந்து மேனேஜர் மெல்லக் கேட்டார். "யாருக்குங்க சிக்னல் குடுக்குறீங்க?"

மன்னவனூரில் நிறுத்திப் பானெட்டைத் திறந்தார். மீட்டரிலிருந்து கரண்ட் திரும்பிப் போகிற எர்த் வயரை இவரும் சிநேகிதரும் ஹெட்லைட்டின் எர்த் போல்ட்டிலேயே சேர்த்து முடுக்கியிருந்தார்கள். மலை ஈரத்தில் அந்தப் போல்ட் துருவேறிக் கிடந்தது. விளக்கு எரிந்தால் அதற்கே அந்த வழி போதவில்லை, மீட்டர் பாவம் வாய்க்கு வந்ததைக் காட்டியிருக்கிறது. பனிக்கும் பெட்ரோலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பனி வந்தால் விளக்குப் போடுவோம், அவ்வளவுதான் சங்கதி. சுத்தமான வேறொரு போல்ட்டைப் பார்த்து வயரை மாற்றினார். விளக்கைப் போட்டும் அணைத்தும் பார்த்தோம். நாற்பது, நாற்பது, நாற்பது. கம்பளியை அவிழ்த்து என் கையில் கொடுத்தார். மேனேஜர் அதை மோந்து பார்த்துவிட்டு எட்டி நின்றுகொண்டார்.

திரும்பி வந்து இறங்கும்போது மேனேஜர் சொன்னார். "வண்டி நல்லா இழுக்குது. சீசன் பூரா நீங்களே ஓட்டுங்க. ஒண்ணே ஒண்ணு, முன்சீட்டு கெஸ்ட்டுக்கு வேணும்."

வீட்டில் கேசரி கிண்டினோம். மறுநாள் வெள்ளனே அவர் கிளம்பினார். எனக்கு அந்த வண்டியில் இனி வேலையில்லை என்பது வாசலில் நிற்கும்போதுதான் உறைத்தது. சந்தோஷம்தான். ஆனால் உள்ளே போய்ப் பாத்திரம் தேய்க்கும்போது கொஞ்சம் அழுதேன்.

அன்றைக்குச் சாயங்காலம் வந்தவர், செருப்பைக் கழற்றும்போதே வீட்டில் எல்லாரும் இருக்கிறார்களே என்றும் பாராமல் என்னைப் பார்த்துச் சொன்னார். "நாப்பது புள்ள. அசையவே இல்ல."

அந்தக் கார் இருந்தவரைக்கும் தினமும் அதைச் சொன்னார். காரை விற்றபோது மீட்டரும் அதோடு போய்விட்டது. அதற்குப் பிறகு எத்தனையோ வண்டிகள் மாறிவிட்டன. எல்லாம் நல்ல வண்டிகள், எதிலும் சந்தேகப்பட ஒன்றுமில்லை. இப்போது சவாரி முடிந்து வந்தால் சாப்பாடு ஆயிற்றா என்று கேட்கிறார். ஆயிற்று என்கிறேன்.